சொந்த வீட்டுப் படமும் கூடத்துத் திரையும்

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அந்தப் பெட்டியை வாங்கிக் கூடத்தில் பிரதிஷ்டை செய்த குடும்பத்தார் எவருக்கும், தம் வீட்டுக் கல்யாணத்தையும் தம் குழந்தை தவழ்ந்ததையும் ஒரு காலத்தில் அதில் பார்க்கலாம் என்ற எண்ணம் தோன்றியிருக்க நியாயமில்லை. மொட்டை மாடியில் நட்ட ஆண்டெனா எதைப் பிடித்துக் கொடுத்ததோ அதுவே காட்சி. வெள்ளிக்கிழமை வந்தால் ‘ஒளியும் ஒலியும்’ என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. மற்றபடி வீட்டுக்காரருக்கு இருந்த சுதந்திரம் பெட்டியை அணைத்துவிடுகிற சுதந்திரம் ஒன்றுதான்.

எண்பதுகளில் வீடியோ கேசட்டை ஓட்டும் ‘டெக்’ வந்தது. டெக்கையும் கலர் டிவியையும் நாள் வாடகைக்கு எடுத்துத் தெருவையே கூட்டி, ஒரே இராத்திரியில் மூன்று படம் பார்த்துக் கண் சிவந்து எழுந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோகாரர் நடமாடத் தொடங்கியதும் அப்போதுதான். அவர் கொடுத்த கேசட்டைச் செருகினால் படம் வந்தது, செருகாவிட்டால் வரவில்லை, அதற்குமேல் அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. பிறகு விசிடி வந்தது. 1993-இல் வகுக்கப்பட்ட அந்த முறையில் ஒரு தட்டில் 74 நிமிஷப் படம்தான் அடங்குமாதலால், இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டோ மூன்று தட்டோ வேண்டியிருந்தது. அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகளே கொண்ட அந்த மங்கலான சித்திரத்தை வைத்துத் திருட்டு விசிடி என்று ஒரு தொழிலே தழைத்ததும், 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் வீடியோ திருடர்களையும் சேர்க்கும் அளவுக்கு அது முற்றியதும் தனிக் கதை.

இவற்றிலெல்லாம் ஒரு பொது அம்சம் இருந்ததை இப்போது திரும்பிப் பார்க்கையில்தான் உணர முடிகிறது. கேசட்டு தனக்கென்று ஒரு யந்திரத்தோடு வந்தது, தட்டும் அப்படியே. கணினியில் கிடக்கும் வீடியோக் கோப்புக்கோ சொந்த யந்திரம் என்று ஒன்று கிடையாது. அது ஹார்டுடிஸ்கில் இருக்கும், பென்டிரைவில் இருக்கும், மகன் அனுப்பிய செல்போனில் இருக்கும். எந்தத் திரை அதை ஏற்கும், எது ஏற்காது என்பதைக் கோப்பின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட எவராலும் ஆகாது. வீட்டுக்கு வீடு இன்று நடக்கிற சின்னச் சின்ன ஏமாற்றங்களின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை விசேஷமான ஒரு கோலத்தில் அறிமுகமாயிற்று. 2006-இல் பதவியேற்ற அரசு, 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடுகளுக்கு இலவசமாக வழங்கத் தலைப்பட்டது. 2011-இல் வந்த அரசு, மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. ஆகவே, ஓட்டுவீட்டின் ஒரே அறையில் இரண்டு அரசுகளின் கொடைகள் எதிரெதிரே வீற்றிருந்த காட்சி கிராமம்தோறும் சாதாரணமாயிற்று. அவ்விரண்டுக்கும் இடையே மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. கண்ணாடிக் குழாய்ப் பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள். மடிக்கணினியின் பக்கவாட்டிலோ 15 ஊசி கொண்ட வி.ஜி.ஏ. வாயும் மெல்லிய எச்.டி.எம்.ஐ. வாயும்தான் அக்காலத்து வழக்கம். சென்னை ரிச்சி தெருவில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கிவந்து இணைத்தவர்களுக்குப் படம் என்னவோ தெரிந்தது. எழுத்தைத்தான் படிக்க முடியவில்லை. 576 கோடுகளில், அதுவும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரையும் திரையில், கணினியின் நுண்ணிய எழுத்துகள் மினுமினுத்துக் கரைந்துபோயின. பாட்டும் சண்டையும் பார்க்க எழுத்து எதற்கு என்று மாணவர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை என்பது வேறு.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கு முன், கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. முழு உயர்தரப் படத்தின் ஒரு சட்டகத்தில் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 ஆக 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்து, வினாடிக்கு 25 சட்டகம் என்று பெருக்கினால், ஒரு வினாடிக்கே சுமார் 155 மெகாபைட் ஆகிறது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை அப்படியே எழுதிவைக்க வேண்டுமானால் 1,600 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். வீடியோகாரர் கொடுப்பதோ பத்துப் பதினோரு ஜிகாபைட்டுக் கோப்பு. மீதியெல்லாம் எங்கே போயிற்று?

சுருக்கப்பட்டது. 2003-இல் வெளிவந்த எச்.264 என்னும் முறையும், 2013-இல் அதைத் தொடர்ந்த எச்.265 முறையும், ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக எழுதுவதில்லை. முந்திய சட்டகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டுமே குறித்துக்கொண்டு போகின்றன. மணவறையின் வாழைமரமும் பூத்தோரணமும் அசையாமல் நிற்கிறவரை அவற்றுக்காகப் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. புரோகிதரின் கை அசைந்தால் அந்த அசைவு மட்டும் பதிவாகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்தின் உயிரான கணமே இந்தச் சுருக்கு வித்தைக்குப் பரம விரோதி. தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்க நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கிறதே, அப்போது திரையின் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தாறுமாறாக மாறுகிறது. ஹோமப் புகை வேறு சேர்ந்துகொள்கிறது. முந்திய சட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாமல் போகவே, ஒதுக்கிய இடம் பற்றாமல் மாப்பிள்ளையின் முகம் ஒரு வினாடி சதுரம் சதுரமாக உடைகிறது. கஞ்சத்தனமாகச் சுருக்கிய எந்தக் கல்யாண வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது உடைந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இப்படிச் சுருக்கிய படம் ஒன்று, சுருக்கிய ஒலி ஒன்று, சில சமயம் வசன எழுத்து ஒன்று ஆகிய மூன்றும் தனித்தனியே இருந்துகொண்டு ஒரே உறைக்குள் அடுக்கப்படுகின்றன. சாதத்தையும் குழம்பையும் பொரியலையும் தட்டுத் தட்டாக அடுக்கி ஒரே பிடியில் மாட்டிய டிபன் கேரியர்தான் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்று கோப்பின் பெயருக்குக் கடைசியில் வருகிறவை; கேரியரின் வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்ளே என்ன குழம்பு என்று யாரும் சொல்ல முடியாது. “எங்கள் டிவியில் எம்.பி.4 ஓடும்” என்று கடைக்காரர் சத்தியம் செய்வதில் பொய்யில்லை, ஆனால் அதில் முழு உண்மையும் இல்லை.

பென்டிரைவைத் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையில் நேராகச் செருகுகிறபோது, உறையைப் பிரிப்பதும் சுருக்கை அவிழ்ப்பதும் ஆகிய வேலை முழுவதையும் தொலைக்காட்சிக்குள் இருக்கும் சில்லே செய்தாக வேண்டும். அந்தச் சில்லுக்கு எத்தனை முறைகள் கற்பிக்கப்பட்டிருக்கின்றனவோ அத்தனையோடு அதன் ஞானம் முடிந்தது. முதலில் பென்டிரைவே இடறும்: ஃபேட்32 என்னும் பழைய முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுதவே இயலாது, நாம் கணக்கிட்ட கல்யாணக் கோப்பு அங்கேயே நின்றுவிடும். 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தால் எழுதலாம், ஆனால் பழைய டிவிகள் பலவற்றுக்கு அந்த முறை தெரியாது. இவ்விரண்டையும் கடந்தால் அடுத்துப் படமே இடறும். வீடியோகாரர் தம் உயர்ந்த கேமராவில் 10 பிட் ஆழத்தில், நிறத்தை அதிகம் குறைக்காமல் எடுத்ததை அப்படியே நகல் செய்து கொடுத்திருந்தால், பல டிவிகள் கறுப்புத் திரையோடு கைவிரித்துவிடும். அதையும் தாண்டினால் ஒலி.

“ஏண்டா, வாயெல்லாம் அசையுது, நாதஸ்வரச் சத்தமே கேக்கலியே?”

“இந்த டிவியில அந்த சவுண்டு எடுக்காது பாட்டி.”

“புது டிவின்னுதானே சொன்னே?”

பாட்டியின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தொழில்நுட்பத்தில் பாதிதான் இருக்கிறது, மற்றப் பாதி வியாபாரத்தில் இருக்கிறது. கேமராக்கள் சில ஒலியைச் சுருக்காமலே எழுதுகின்றன. அந்த வகை ஒலி எம்.பி.4 உறைக்குள் வரும் என்று தொலைக்காட்சிகள் பல எதிர்பார்ப்பதில்லை. டி.டி.எஸ். என்னும் ஒலிமுறையின் கதை இன்னும் சுவாரசியமானது. அதற்கு உரிமைத் தொகை செலுத்த வேண்டும். சாம்சங் தன் 2018-ஆம் ஆண்டுப் பெட்டிகளிலிருந்து அதை விலக்கிவிட்டது. எல்ஜி 2020-இல் விலக்கி, 2023-இல் சில மாதிரிகளில் திருப்பிக் கொண்டுவந்தது. ஆக, பத்து வருஷத்துக்கு முந்திய டிவியில் பேசிய படம், அதைவிட இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய புதிய டிவியில் ஊமையாகிவிடுவது விபத்தோ பழுதோ அன்று. யாரோ கணக்குப் பார்த்துச் செய்த காரியம். எச்.265-இன் காப்புரிமைகளும் ஒரே கையில் இல்லாமல் பல கூட்டங்களாகப் பிரிந்து நின்று தனித்தனியே தொகை கேட்கவே, அதில் சலிப்படைந்த இணையப் பெருநிறுவனங்கள் 2015-இல் ஒன்றுகூடி, 2018-இல் ஏ.வி.1 என்ற இலவச முறையை வெளியிட்டன. இதற்கிடையில், 2017 முதல் ஐபோன்கள் எச்.265 முறையிலேயே வீடியோ எடுக்கத் தொடங்கிவிட்டதனால், பேரன் பிறந்த நாளன்று எடுத்த படம் தாத்தாவின் பழைய கணினியிலும் ஓடாது, டிவியிலும் ஓடாது என்ற நிலை சில வீடுகளில் ஏற்பட்டது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஸ்மார்ட் டிவி, சந்தாப் படங்களை விற்கும் கடையின் கண்ணாடி முகப்பாகவே பிரதானமாக வடிவமைக்கப்படுகிறது. ஆன் செய்தவுடன் திரை முழுவதும் பிறர் சரக்கு. நம் சொந்தக் கோப்புக்குப் போகும் வழி எங்கோ மூன்றாம் வரிசையில் ஒரு சிறு சித்திரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரரின் வீடியோ எவருக்கும் மாதச் சந்தா தருவதில்லை. ஆகையால் அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்குக் கவலை குறைவு.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே வீச்சில் வெட்டுகிற சாதனம் மிக எளியது: ஒரு கம்பி. 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹிட்டாச்சி, மத்சுஷிதா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு ஸ்தாபனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு, 19 ஊசிகள் கொண்ட ஒரு சிறு தலைக்குள் படத்தையும் ஒலியையும் ஒருங்கே கொண்டுபோகிறது. அதன் மகிமை ஊசிகளின் எண்ணிக்கையில் இல்லை. கணினியே சுருக்கை முழுவதும் அவிழ்த்து, புள்ளி புள்ளியாக விரித்த படத்தை அனுப்பிவிடுவதால், தொலைக்காட்சிக்கு எச்.264-உம் தெரிய வேண்டாம், எம்.கே.வி.யும் தெரிய வேண்டாம். வந்த புள்ளியை ஏற்றிக் காட்டினால் போதும். கணினியில் ஓடுவது எதுவும் டிவியில் ஓடும் என்ற உறுதியை இந்தக் கம்பி ஒன்றே தருகிறது.

கம்பியை மாட்டியவுடன் சில சில்லறைத் தொந்தரவுகள் வரும். விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்கி, இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மடிக்கணினியின் சிறு திரை அடங்கி, பெரிய திரை தன் முழு அளவில் விழித்துக்கொள்ளும். படம் டிவியிலும் சத்தம் மடிக்கணினியிலுமாகப் பிரிந்து கேட்டால், மணி காட்டும் மூலையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கம்பியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு ஓடுவது இந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான். திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுண்டு தெரிந்தால், அது கண்ணாடிக் குழாய்க் காலத்தின் எச்சம். அந்நாளில் ஓரத்துக் கோணல்களை மறைக்கப் படத்தின் விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். குழாய் போய்ப் பல வருஷமாகியும் அந்த வழக்கம் போகவில்லை. டிவியின் பட அளவு அமைப்பில் உள்ளது உள்ளபடி காட்டும் தேர்வை வைத்தால் சரியாகிவிடும். 4கே டிவியோடு பழைய மடிக்கணினியைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: 2009-இல் வந்த 1.4 பதிப்பு எச்.டி.எம்.ஐ. வினாடிக்கு 30 சட்டகத்துக்கு மேல் 4கே அனுப்பாது. 60 வேண்டுமானால் 2013-இன் 2.0 பதிப்பு இருக்க வேண்டும். அது இல்லாத கணினியில் 4கே மோகத்தை விட்டு 1080-இலேயே பார்ப்பது கண்ணுக்குச் சௌகரியம்.

ஆனால் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் திக்கித் திக்கி நகர்கிறதே என்ற குறை அப்போதும் சில வீடுகளில் தீராது. நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிக்காமலிருக்க வேண்டி வீடியோகாரர்கள் 25 அல்லது 50 சட்டகமாக எடுப்பது வழக்கம். மடிக்கணினியோ வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் பழக்கமுடையது. 60-ஐ 25-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. ஆகவே சில சட்டகம் இரண்டு முறையும் சில சட்டகம் மூன்று முறையும் காட்டப்பட்டு, நிதானமாக நகரும் சாரட்டு வண்டி நொண்டி நடை போடுகிறது. கணினியின் திரை அமைப்பில் 60 என்றிருப்பதை 50 ஆக்கினால் நொண்டி நீங்கும். இதை விற்பனையாளர் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அசைவை மழுமழுப்பாக்குகிறேன் என்று டிவி தானே இல்லாத சட்டகங்களைக் கற்பித்து நுழைத்து, மணிரத்னம் படத்தையும் மாலைத் தொடராக்கிக் காட்டுவது மற்றொரு உபத்திரவம். 2018-இல் நடிகர் டாம் குரூஸ் இயக்குநர் ஒருவரோடு நின்று, தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள் என்று உலகத்தாரை வேண்டிக்கொண்டார். அணைத்துவிடுவதே உத்தமம்.

கணினிப் பக்கத்தில் சுருக்கவிழ்க்கும் வேலைக்கு வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் போதும். பாரிஸுக்கு அருகே எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது; விடுதியில் கணினி விளையாட்டுக்கு வேகமான இணைப்பு வேண்டும் என்ற ஆசையை வெளியே சொல்ல முடியாமல், வலைப்பின்னல் வழியே தொலைக்காட்சி காட்டுகிறோம் என்று காரணம் கற்பித்து அவர்கள் ஆரம்பித்த காரியம் 2001-இல் உலகத்துக்கே பொதுவுடைமையாயிற்று. சாலைகளில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு அதன் சின்னமானதற்கும் மாணவர் குறும்புதான் காரணம். 2022 பிப்ரவரியில் அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டு நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

தமிழ் வசன எழுத்து விஷயத்தில் கணினியின் மேன்மை பளிச்சென்று தெரியும். எஸ்.ஆர்.டி. கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு: ஒரு வரிசை எண், எத்தனையாவது வினாடியில் தோன்றி எத்தனையில் மறைய வேண்டும் என்ற நேரம், அதன் கீழே வசனம். அதற்குப் படத்தின் பெயரையே சூட்டி, யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்து, ஒரே இடத்தில் வைத்தால் வி.எல்.சி. தானே கண்டுகொள்ளும். அதையே டிவியில் நேரே ஓட்டினால், தமிழ் எழுத்துரு இல்லாத பெட்டியில் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாத பெட்டியில் ‘கொடு’ என்பதன் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். வெளிநாட்டுப் படத்தைப் பெற்றோருக்குத் தமிழ் எழுத்தோடு காட்ட விரும்பும் பிள்ளைகளுக்கு இது அற்ப விஷயமன்று.

கம்பியில்லா வழிகளும் உண்டு. 2003-இல் பல உற்பத்தியாளர்கள் கூடி உருவாக்கிய டி.எல்.என்.ஏ. ஸ்தாபனம் 2017-இல் கலைந்துவிட்டாலும் அதன் முறை இன்றும் பல பெட்டிகளில் உயிரோடிருக்கிறது. 2012-இன் மிராகாஸ்ட், 2013-இன் குரோம்காஸ்ட் ஆகியவை செல்போன்காரர்களின் செல்லப் பிள்ளைகள். கணினியில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்றவற்றை நிறுவினால், டிவிக்குப் புரியாத கோப்பை அந்தக் கணமே மறுபடி சுருக்கி, புரியும்படி அனுப்பிவிடும். வேகமுள்ள கணினிக்கு அது சாத்தியம், பத்து வருஷத்து மடிக்கணினி பெருமூச்சு விடும். கூடத்தில் வைஃபையும் சுவருக்கு அப்பால் திரையும் இருந்தால் உச்சக்கட்டத்தில் சக்கரம் சுற்றும். சில நூறு ரூபாயில் கிடைக்கிற கம்பி இருக்கையில், காற்றை நம்பி விருந்தாளிகளை உட்கார்த்திவைக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் சுபகாரியம் வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீடியோகாரரிடம் உயர்தர மூலக் கோப்பைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், அதோடு, எம்.பி.4 உறையில், 8 பிட் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியுமாக 1920-க்கு 1080 அளவில் இன்னொரு நகலும் கேளுங்கள். இன்று விற்கிற ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளுக்கும் அது புரியும். இரண்டையும் தனித்தனி ஹார்டுடிஸ்கில் போட்டு, ஒன்றைச் சகோதரர் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ வையுங்கள். புது டிவி வாங்கப் போகும்போது அந்த நகலைப் பென்டிரைவில் எடுத்துச்சென்று, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, படத்தோடு நாதஸ்வரமும் கேட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.